மடையைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் பாஸ்!

கீழப்பாவூர் பக்கம் வயக்காடு இருக்கிற வீட்டுப் பிள்ளையா நீங்க? அப்படின்னா இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கம்தான். குளம் பெருகிக் கிடக்கும். தண்ணி பாய்ச்சப் போற தாத்தா மடை ஷட்டரை ஒரேயடியாகத் தூக்க மாட்டார். கொஞ்சூண்டு தூக்குவார். அப்புறம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கிட்டு வாய்க்கால் கரையோரமாகவே நடப்பார். எங்கேயாவது கரை அரிச்சிருக்கா, நண்டு வளை தோண்டி வச்சிருக்கா, கடைசி வயல் வரைக்கும் தண்ணி ஒழுங்கா போகுதான்னு பார்ப்பார். எல்லாம் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தூக்குவார்.

‘ஏன் தாத்தா இவ்வளவு ஸ்லோ?’ன்னு கேட்டுப் பாருங்க. ‘எலேய், ஒரேடியா தொறந்துவிட்டு கர ஒடைஞ்சிட்டா எவன்லே அடைப்பான்?’னு ஒரு அதட்டல் விழும்.

தாத்தா சொன்ன அந்த ஒரு வரி, உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனிகளில் ஒன்றுக்கு மறந்துபோச்சு. விளைவு..? 2024 ஜூலை 19. நம்ம குற்றாலத்தில் சாரல் சீசன் நடந்துக்கிட்டிருந்த அதே வெள்ளிக்கிழமை, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீனைக் காட்டிக்கிட்டுப் படுத்தேவிட்டன!

78 நிமிஷத்தில் நடந்த கூத்து

கம்பெனியின் பெயர் கிரவுட்ஸ்ட்ரைக். வங்கி, ஆஸ்பத்திரி, ஏர்லைன்ஸ்னு பெரிய பெரிய இடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் காவல்காரன் வேலை. அதோட ‘ஃபால்கன்’ சாஃப்ட்வேர் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிமடியிலேயே உட்கார்ந்திருக்கும். புதுசா எந்தத் திருடன் எப்படி வர்றான்னு தலைமையகத்திலிருந்து அடிக்கடி தகவல் அனுப்புவாங்க. அது புது சாஃப்ட்வேர் கிடையாது. ‘இதை இதைக் கவனி’ன்னு சொல்ற ஒரு சின்ன கான்ஃபிகரேஷன் ஃபைல், அவ்வளவுதான்.

அன்னைக்கு நம்ம ஊர் நேரப்படி காலை 9.39 மணிக்கு அப்படி ஒரு ஃபைல் கிளம்பியது. 291-ம் எண் ஃபைல். அதற்குள் இருந்த விதிகள் 21 விவரங்களை எதிர்பார்த்தன. மெஷினில் இருந்த புரோகிராம் கொடுத்ததோ 20 விவரம். 20 பேருக்குத்தான் பந்தியில் இலை போட்டிருக்கு. 21-வது ஆள் இல்லாத இலையில் கைவைக்கிறார்! புரோகிராமும் அப்படித்தான், தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் போய்க் கைவைத்தது. விண்டோஸ் கவிழ்ந்தது. ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதே ஃபைல், மறுபடியும் கவிழ்ப்பு.

காலை 10.57-க்கு ஃபைலைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். மொத்தம் 78 நிமிஷம்தான். அதற்குள் அடிவாங்கிய கம்ப்யூட்டர்கள் சுமார் 85 லட்சம்! இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. உலகத்தில் இருக்கிற விண்டோஸ் மெஷின்களில் இது ஒரு சதவிகிதம்கூட இல்லை. ஆனால், அந்த ஒரு சதவிகிதம் உட்கார்ந்திருந்த இடங்கள் அப்படி!

நம்ம நாட்டு ஏர்போர்ட்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் லூபெக், கீல் ஊர்களில் இருக்கும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தது. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் மட்டும் சில நாட்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. நம்ம ரிசர்வ் வங்கி விசாரித்துவிட்டு, 10 வங்கிகள் மற்றும் நிதி நிறுவனங்களில் மட்டுமே சின்னச் சின்னப் பாதிப்பு என்று அறிவித்தது. தப்பிச்சோம்!

இதில் சோகம் என்ன தெரியுமா? தப்பான ஃபைலைத் திரும்ப வாங்கியதால் ஏற்கெனவே விழுந்த மெஷின்கள் எழுந்துவிடவில்லை. ஸ்டார்ட் ஆகவே முடியாத மெஷின் எப்படி இன்டர்நெட்டுக்கு வந்து புது ஃபைலை வாங்கும்? ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியதாகிப்போச்சு. அனுப்பினது ஒரே ஒரு தடவை. சரிசெய்தது லட்சக்கணக்கான தடவை. ‘எவன்லே அடைப்பான்?’னு தாத்தா கேட்டது இதைத்தான்!

அது சரி, கான்ஃபிகரேஷன்னா என்ன?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காத ஃப்ரெண்ட்ஸ் டென்ஷன் ஆகாதீங்க. ரொம்ப சிம்பிள். உங்க செல்போனில் ரிங்டோன், வால்பேப்பர், எந்த ஆப் எதைப் பார்க்கலாம்னு செட்டிங்ஸில் மாத்துறீங்கல்ல? சர்வருக்கும் அதேதான். எந்தக் கதவு திறந்திருக்கணும், யார் உள்ளே வரலாம், டேட்டாபேஸ் எங்கே இருக்கு, ஒரு நேரத்தில் எத்தனை பேரைத் தாங்கணும்... இப்படி நூற்றுக்கணக்கான செட்டிங்ஸ்.

ஒரு சர்வர்னா நீங்களே கையால் மாத்திடலாம். பத்துன்னா ஒரு ராத்திரி முழிச்சு மாத்தலாம். பத்தாயிரம்னா? அதற்குத்தான் மத்தியில் ஒரு ‘தலைமை’ சர்வர். அங்கே எழுதி வைத்தால் மற்ற எல்லாம் அதைப் பார்த்துத் தன்னைத் தானே மாத்திக்கும்.

இந்த ஐடியாவுக்கு ஒரு குட்டி வரலாறு உண்டு. 1993-ல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்கெஸ் என்பவர் ‘சிஎஃப்எஞ்சின்’ என்ற கருவியை எழுதினார். 2005-ல் லூக் கேனிஸின் ‘பப்பெட்’ வந்தது. 2009-ல் ‘ஷெஃப்’, 2011-ல் ‘சால்ட்’, 2012-ல் மைக்கேல் டிஹானின் ‘ஆன்சிபிள்’. பொம்மலாட்டம், சமையல்காரர், உப்பு... பெயர் வைக்கிறதில் மட்டும் இவங்களை அடிச்சுக்க ஆளே இல்லை! விண்டோஸ் உலகத்தில் இதே வேலையை விண்டோஸ் 2000 காலத்திலிருந்து ‘குரூப் பாலிசி’ செய்து வருகிறது.

இந்தக் கருவிகளின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். ‘குடத்தில் ஒரு செம்பு தண்ணி ஊத்து’ன்னு அம்மா சொன்னால், நாலு தடவை கேட்ட பையன் நாலு செம்பு ஊத்துவான். குடம் வழியும். ‘குடம் நிறைஞ்சிருக்கணும்’னு சொல்லிப் பாருங்க. நிறைஞ்சிருந்தா சும்மா போயிடுவான். குறைஞ்சிருந்தா மட்டும் ஊத்துவான். சர்வருக்கும் ‘இப்படிச் செய்’னு கட்டளை போடாமல், ‘இப்படி இருக்கணும்’னு எழுதி வைக்கிறாங்க. எத்தனை தடவை ஓட்டினாலும் முடிவு ஒன்றுதான்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. ‘பப்பெட்’ மாதிரி கருவிகளில் சர்வர்கள் தாங்களே வந்து தலைமையைக் கேட்கும். சாதாரணமாக அரை மணிக்கு ஒரு தடவை. குரூப் பாலிசியில் 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை. அதோடு 30 நிமிஷம் வரைக்கும் ஒரு குத்துமதிப்பான தாமதத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஏன்? பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலில் முண்டியடிச்சா என்ன ஆகும்? அதே காரணம்தான்.

நம்ம பக்கத்து ஊர் மேட்டர்!

‘இதெல்லாம் அமெரிக்கா, பெங்களூரு சமாச்சாரம். பாவூர்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நிக்கிற எனக்கு எதுக்கு?’ன்னு நினைச்சீங்களா? அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க!

தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருக்கிறது உங்களுக்குத் தெரியும். 1996-ல் ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் ஆரம்பித்து, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டுத் தென்காசிப் பக்கமே வந்து குடியேறியதும், ‘ஜோஹோ டெஸ்க்’ இங்கிருந்தே வளர்ந்ததும் ஊரறிந்த கதை. ஆனால், அதே கம்பெனியின் இன்னொரு பிரிவான ‘மேனேஜ்எஞ்சின்’ என்ன செய்கிறது என்று நம்மில் பலர் கேட்டதே இல்லை.

அதன் சரக்கு சரியாக நாம் பேசிக்கொண்டிருக்கிற விஷயம்தான். ‘எண்ட்பாயின்ட் சென்ட்ரல்’ என்று ஒன்று. முன்னாடி ‘டெஸ்க்டாப் சென்ட்ரல்’ என்று பெயர். ஒரு அலுவலகத்தின் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இடத்திலிருந்து செட்டிங்ஸும் அப்டேட்டும் அனுப்பும் சாஃப்ட்வேர். அதிலேயே, வந்த அப்டேட்டை முதலில் ஒரு சின்னக் குழுவுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்கும் வசதி உண்டு. நெட்வொர்க் கருவிகளின் கான்ஃபிகரேஷனைச் சேமித்து வைத்து, யார் எப்போது மாத்தினார்கள் என்று காட்டி, தப்பானால் பழையதுக்கே திரும்பும் சாஃப்ட்வேரும் தனியாக இருக்கிறது.

ஆக, உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் சர்வர்களின் மடைகளைத் திறக்கவும் மூடவும் கருவி செய்கிற ஒரு கம்பெனி, நம்ம ஊர்ப்பக்கத்திலேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கு. இந்த வேலையைக் கத்துக்க நமக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

‘சின்ன மாத்தம்தானே!’

இந்தத் துறையில் மிக ஆபத்தான வார்த்தை இதுதான். புது புரோகிராம் எழுதினால் நாலு பேர் பார்ப்பார்கள், டெஸ்ட் நடக்கும், கூட்டம் போடுவார்கள். செட்டிங்ஸில் ஒரு வரி மாத்தினால் ‘அதுக்கு எதுக்கு இதெல்லாம்?’ என்று நேராக அனுப்பிவிடுவார்கள். ஆனால், சர்வருக்கு அந்த வித்தியாசம் தெரியாது!

2019 ஜூலை 2. உலக இணையதளங்களில் பெரும் பங்கைத் தாங்கி நிற்கும் கிளவுட்ஃபிளேர், பாதுகாப்பு விதி ஒன்றை மாத்தியது. அதில் எழுதிய ஒரு தேடல் வரி கம்ப்யூட்டரை முடிவில்லாமல் யோசிக்க வைக்கும் வகையில் அமைந்துவிட்டது. உலகமெங்கும் உள்ள சர்வர்களுக்கு ஒரே நேரத்தில் போனது. எல்லா சிபியூவும் நூறு சதவிகிதத்தில் திணற, 27 நிமிஷம் ஏகப்பட்ட இணையதளங்கள் அவுட்.

2021 அக்டோபர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கா? 9 மணி தாண்டியதும் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூணும் செத்துப்போச்சு. ‘நெட் பேக் தீர்ந்துடுச்சோ?’ன்னு போனைத் தட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! வழக்கமான பராமரிப்பில் ஒரு கட்டளை, ஃபேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் மொத்த நெட்வொர்க்கையும் துண்டித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க ஒரு சோதனைக் கருவி இருந்தது. அதிலேயே ஒரு பக்! சரிசெய்யப் போன இன்ஜினீயர்கள் பயன்படுத்தும் கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் டேட்டா சென்டருக்கே போக வேண்டியதாயிற்று. சுமார் ஆறு மணி நேரம் காலி. வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வச்சுப் பூட்டிட்ட கதைதான்.

2025 நவம்பர் 18. மறுபடியும் கிளவுட்ஃபிளேர். டேட்டாபேஸில் யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதியை மாத்தினார்கள். அதனால், ரோபோக்களை அடையாளம் காட்டும் ஒரு ஃபைலில் ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை வந்து, ஃபைல் இரண்டு மடங்கு ஊதிவிட்டது. அதைப் படிக்கும் புரோகிராமோ 200 அம்சங்களுக்கு மேல் தாங்காது. மாலை 4.50 மணி வாக்கில் விழுந்தது, ராத்திரி 8 மணி வாக்கில்தான் பெரும்பாலும் எழுந்தது. சாட்ஜிபிடி, எக்ஸ் எல்லாம் அன்னைக்கு மக்கர். அசைன்மென்ட்டை சாட்ஜிபிடியை நம்பி விட்டிருந்தவர்கள் பாடு... சரி, அதை விடுங்க!

சின்ன மாத்தம், ஒரே நேரத்தில், எல்லா இடத்துக்கும். இந்த மூணும் சேர்ந்தால் கரை உடையும்.

எட்டில் ஒண்ணு பாக்கி

அனுப்பினதால் வந்த வினையைப் பார்த்தோம். அனுப்பாமல் விட்டதால் வந்த வினையும் உண்டு.

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச் சந்தையில் பெரிய வியாபாரம் செய்த நைட் கேபிடல் கம்பெனிக்கு எட்டு சர்வர்கள். புது புரோகிராமை ஏழில் போட்டார்கள். எட்டாவதை மறந்துவிட்டார்கள். சரிபார்க்க இரண்டாவது ஆளும் இல்லை. அந்த எட்டாவது சர்வரில், பல வருஷமாகப் பயன்படுத்தாத பழைய புரோகிராம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. புது வேலைக்காக வைத்த சுவிட்ச், பழைய புரோகிராமுக்கும் அதே சுவிட்ச். சந்தை திறந்ததும் அது விழித்துக்கொண்டு பங்குகளைக் கண்மூடித்தனமாக வாங்கித் தள்ளியது.

பதறிப்போய் என்ன செய்தார்கள் தெரியுமா? சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது புரோகிராமை எடுத்தார்கள். இப்போது எட்டிலும் பழசு! 45 நிமிஷத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். சந்தை திறக்கும் முன்பே ‘ஏதோ தப்பு இருக்கு’ என்று சிஸ்டமே 97 மெயில் அனுப்பியிருந்தது. யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளவில்லை.

‘பதறாத காரியம் சிதறாது’ன்னு நம்ம பாட்டி சொன்னதை அவங்க கேட்டதில்லை போல.

ஒரு பானை சோறும் குற்றாலம் ஆர்ச்சும்

சரி, வழி என்ன? பெரிய கம்பெனிகள் பட்டுத் தெளிந்து கண்டுபிடித்த வழிகளை நம்ம பாஷையில் பார்த்துடலாம்.

முதல் விஷயம், எழுதி வை. எந்த செட்டிங்கையும் நேராக சர்வரில் போய் மாத்தக் கூடாது. எல்லாம் ஃபைலாக ‘கிட்’டில் இருக்கணும். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய அதே கிட்தான். யார், எப்போ, எதை, ஏன் மாத்தினாங்கன்னு சாட்சி இருக்கும். பழையதுக்குத் திரும்பவும் வழி இருக்கும்.

இரண்டு, இன்னொரு கண். நீங்க எழுதினதை இன்னொருத்தர் படிக்காமல் அனுப்பாதீங்க. நம்ம எழுத்துப்பிழை நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியவே தெரியாது. எக்ஸாம் பேப்பர் வந்ததும்தானே தெரியுது?

மூன்று, ஒத்திகை. ஆன்சிபிளில் ‘செக் மோட்’ உண்டு. பப்பெட்டில் ‘நூப்’ உண்டு. ‘நிஜமா ஓட்டினா என்னென்ன மாறும்’னு சொல்லும், எதையும் மாத்தாது. ஆனால், ஒத்திகை பாஸானால் நாடகமும் பாஸ் என்று நம்பிடாதீங்க. கிரவுட்ஸ்ட்ரைக்கிலும் ஃபைலைச் சோதிக்க ஒரு கருவி இருந்தது. அது ‘ஓகே’ சொல்லித்தான் அனுப்பினாங்க.

நான்கு, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கிலீஷ்காரங்க இதை ‘கேனரி’ன்னு சொல்றாங்க. நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கான்னு பார்க்கக் கூண்டில் கொண்டுபோன சின்னக் குருவி. பாவம்! நம்ம சோறு எவ்வளவோ மேல். முதலில் ஒரு சர்வர், அப்புறம் நூற்றில் ஒன்று, பத்து, பாதி, கடைசியில்தான் எல்லாம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் காத்திருக்கணும். ஆன்சிபிளில் ‘சீரியல்’னு ஒரே ஒரு வரி போட்டால், எத்தனை எத்தனையாகப் போகணும் என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு உஷார்! ஒரு சோறு, ஒரு பானைக்குத்தான் பதம். பச்சரிசிப் பானையில் எடுத்துப் பார்த்துட்டு புழுங்கலரிசி வெந்துடுச்சுன்னு சொல்ல முடியுமா? விண்டோஸ், லினக்ஸ், பழைய மெஷின், புது மெஷின்னு ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு சோறு எடுக்கணும்.

ஐந்தாவது நம்ம குற்றாலம் சொல்லும் பாடம். மெயின் அருவியில் ஆர்ச் இருக்குல்ல? தண்ணி அந்த ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் விசில் ஊதி, குளிக்கத் தடை போட்டுடுவாங்க. ‘இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போமே’ன்னு அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்துறதில்லை. கோட்டை முன்னாடியே கிழிச்சாச்சு. சர்வருக்கும் அதேபோல ஒரு ஆர்ச் வேணும். ‘நூறில் ரெண்டு மெஷின் தடுமாறினால் மற்றதுக்கு அனுப்பறதைத் தானாகவே நிறுத்து’ன்னு அனுப்புறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிடணும். பிரச்னை வந்த பிறகு யோசிச்சா, ஆசைதான் முடிவெடுக்கும்.

ஆறு, வெளியேற தனி வழி. ஃபேஸ்புக் கதை ஞாபகம் இருக்கட்டும். சர்வருக்குப் போகும் வழியை மாத்தும்போது, அந்த வழி போனாலும் உள்ளே நுழைய இன்னொரு கதவு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.

இந்த வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேடிக்கையான ஏழாவது விதியும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் மாத்தாதே! சனி, ஞாயிறு யார் வந்து அடைப்பாங்க?

மெதுவா போனா மட்டும் போதுமா?

‘அப்போ எதையும் மாத்தாமல் சும்மா இருந்தா சேஃப்தானே?’ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. இதுக்குப் பதிலும் வரலாற்றிலேயே இருக்கு.

2017 மார்ச் 14-ல் விண்டோஸில் ஒரு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. ‘அப்புறம் போட்டுக்கலாம்’னு பலர் விட்டுட்டாங்க. மே 12-ல் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் புகுந்தது. இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகளே திணறின. இரண்டு மாசம் அவகாசம் இருந்தும்!

கிரவுட்ஸ்ட்ரைக் அவசரப்பட்டதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. புதுத் திருடனின் அடையாளம் தெரிந்தால் உடனே எல்லாக் காவல்காரனுக்கும் சொல்லணும்தானே? ஊர் ஊராக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் திருடன் அடுத்த ஊரில் வேலையை முடித்திருப்பான். அவர்களின் வாடிக்கையாளர்களில் சிலர் புத்திசாலித்தனமாக, ‘புது வெர்ஷன் வேண்டாம், ஒரு வெர்ஷன் பின்னாடியே இருப்போம்’ என்று செட் செய்து வைத்திருந்தார்கள். ஆனால், அந்தக் கட்டுப்பாடு புரோகிராமுக்கு மட்டும்தான். அடிக்கடி வரும் அந்தக் குட்டி ஃபைலுக்குக் கிடையாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் ஃபைல்களையும் படிப்படியாக அனுப்பும் முறை வந்தது. எப்போது வாங்குவது என்பதில் வாடிக்கையாளருக்கும் உரிமை கிடைத்தது.

அவசரம்னா படிகளைச் சீக்கிரம் ஏறலாம். ஒரு நாள் காத்திருக்கும் இடத்தில் அஞ்சு நிமிஷம் காத்திருக்கலாம். படிகளே இல்லாமல் மொட்டை மாடிக்குக் குதிக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த முதல் ஒரு மெஷினில் அஞ்சு நிமிஷம் பார்த்திருந்தால் நீல ஸ்கிரீன் அங்கேயே பல்லை இளிச்சிருக்கும்.

மடைச் சாவி யார் கையில்?

இன்னொரு பக்கமும் யோசிங்க. ஆயிரம் சர்வரை ஒரே இடத்திலிருந்து மாத்த முடியும்னா, அந்த ஒரே இடத்தைப் பிடித்தவன் ஆயிரத்தையும் பிடித்தவன்!

2021 ஜூலை 2-ல் இது நிஜமாகவே நடந்தது. பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் ‘கசேயா’ சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியே ‘ரெவில்’ என்ற கும்பல் நுழைந்தது. அப்டேட் போகும் அதே குழாயில் ரான்சம்வேரை அனுப்பியது. அதிகபட்சம் 1,500 நிறுவனங்கள் வரை பாதிப்பு. ஸ்வீடனில் ‘கூப்’ சூப்பர் மார்க்கெட் கல்லாப் பெட்டிகள் வேலை செய்யாததால் சுமார் 800 கடைகளை மூடினார்கள். பால், பிரெட் வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதனால்தான் தலைமை சர்வருக்குத் தனிப் பாதுகாப்பு, இரண்டு கட்ட பாஸ்வேர்ட், யாருக்கு எந்த வாய்க்கால்வரை உரிமை என்று தனித்தனி அளவு. புதுசா சேர்ந்த ட்ரெய்னிக்கு டெஸ்ட் சர்வர் மட்டும். முழு மடையைத் திறக்க இரண்டு பேர் ஓகே சொல்லணும்.

உங்களுக்கு இந்த வாரத்து ஹோம்வொர்க்!

படிச்சுட்டு மூடி வச்சிடாதீங்க. செலவே இல்லாமல் செய்து பார்க்கலாம். ஒரு சுமாரான லேப்டாப் போதும். ‘வர்ச்சுவல்பாக்ஸ்’ இலவசம். அதில் மூணு குட்டி லினக்ஸ் மெஷின்களை உருவாக்குங்க. ஒண்ணு தலைமை, ரெண்டு வேலையாள். ஆன்சிபிளும் கிட்டும் இலவசம்தான். ரெண்டு மெஷினிலும் ஒரு வெப் சர்வரை நிறுவி, முகப்புப் பக்கத்தில் உங்க ஊர் பெயரை மாத்திக் காட்டுங்க. முதலில் செக் மோட், அப்புறம் ஒரு மெஷின், அப்புறம்தான் அடுத்தது.

இது ஓடிடுச்சா? இப்போ வேணும்னே தப்பு பண்ணுங்க! கான்ஃபிகரேஷனில் ஒரு அரைப்புள்ளியை எடுத்துட்டு அனுப்பிப் பாருங்க. முதல் மெஷின் விழுந்ததும் ரெண்டாவதுக்குப் போகாமல் நிற்குதா? பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிஷம் ஆகுது? அந்த நிமிஷத்தை நோட்டில் எழுதி வைங்க. அடுத்த வாரம் அதைக் குறைக்க முடியுதான்னு பாருங்க. இன்டர்வியூவில் ‘நீங்க செய்த தப்பைச் சொல்லுங்க’ன்னு கேட்டா, முழிக்காமல் இந்த நோட்டைத் திறங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை... இந்தப் பரிசோதனையைக் காலேஜ் லேபில் லேப் சாரைக் கேட்காமல் செய்துடாதீங்க. 60 சிஸ்டமும் ஒண்ணா படுத்துடுச்சுன்னா, அப்புறம் உங்க பெயரும் வரலாற்றில் இடம்பிடிச்சிடும். இன்டர்னல் மார்க் லிஸ்ட்டிலும்தான்!

நாளைக்கே உங்களில் யாரோ ஒருத்தர் மத்தளம்பாறையிலோ, சென்னையிலோ, சிங்கப்பூரிலோ ஒரு ஸ்கிரீன் முன்னாடி உட்காரப் போறீங்க. கீபோர்டில் என்டர் பட்டன் இருக்கும். அந்தப் பக்கம் பல்லாயிரம் சர்வர் இருக்கும். அதற்கும் அந்தப் பக்கம், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஒரு நோயாளி இருக்கலாம், சம்பளப் பணம் எடுக்க வந்த உங்க அம்மா இருக்கலாம். அவங்களை நீங்க பார்க்க மாட்டீங்க. அவங்களும் உங்களைப் பார்க்க மாட்டாங்க.

விரல் என்டருக்குப் போகும்போது, மண்வெட்டியோடு கரையில் நடக்கும் நம்ம தாத்தாவை ஒரு தடவை நினைச்சுக்கோங்க. கொஞ்சமா திறங்க. நடந்து போய்ப் பாருங்க. அப்புறம் மீதியைத் திறங்க!